ஒத்திகை வீடு

பிரான்சில் பதினெட்டு வருடம் கோப்பை கழுவிப் பிரெஞ்சு பழகிய றெனால்ட், ஊர் திரும்பிய மூன்றாம் மாதமே ஆமிக்கு வாத்தியாராகிவிட்டான். ஐ.நா. அமைதிப்படையில், பிரெஞ்சு பேசுகிற ஆபிரிக்க நாடொன்றுக்குப் போகவிருந்த சிப்பாய்களுக்குப் பாஷையும் பழக்கவழக்கமும் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஆளுக்குத் தலைகால் தெரியாத பெருமை. அடுத்தவர் வாசலில் எப்படி நிற்பது, துவக்குக் குழலை எந்தப் பக்கம் தாழ்த்துவது, என்ன சொல்லி அழைப்பது என்று ஒரு மாதம் வகுப்பெடுத்தான்.

கடைசிக் கிழமை, உண்மையான வீடொன்றில் செய்து பார்த்தால் நல்லது என்றார் அதிகாரி. வேறொருவன் என்றால் யோசித்திருப்பான். இவனோ, தலைமன்னாரில் தன் அக்கா வீடு இருக்கிறதென்று வாயை விட்டுவிட்டான்.

ஆமி என்று சொன்னால் அக்கா அன்ரோனெற் படலையே திறக்கமாட்டாள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான், "நாளைக்குப் பின்னேரம் ஏழெட்டுப் பேரோட வாறன், தேத்தண்ணி வையுங்கோ அக்கா" என்று மட்டும் போனில் சொன்னான்.

"வாடா தம்பி. பணியாரம் சுட்டு வைக்கிறன்" என்றாள் அவள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்த மனிதன்!

மறுநாள் சிப்பாய்கள் ஒரு பிழையும் விடவில்லை. படலைக்கு வெளியே நின்றார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். "பொன்ஜூர் மதாம்" என்றார்கள். றெனால்ட் அதிகாரியோடு பின்னால் நின்றான்.

அன்ரோனெற் எட்டிப் பார்த்தாள். தம்பியை அவள் காணவில்லை, சீருடையைத்தான் கண்டாள். உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். சண்டைக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஆமி எடுத்து, இலக்கம் போட்டு, கேட்கும்போது காட்டச் சொன்ன குடும்பப் படத்தோடு வெளியே வந்தாள். மகள் ஜெயனியை அடுப்படியிலிருந்து இழுத்துவந்து முற்றத்தில் நிறுத்தி, படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். படத்தில் மூன்று பேர்.

"மகன் கொலின்ஸ் இல்லை. அவனை நீங்கள்தான் விசாரிக்கவெண்டு கூட்டிக்கொண்டு போனீங்கள்" என்றாள், யாரும் கேட்காத கேள்விக்கு. அதில் கோபமில்லை. பாடமாக்கியதை ஒப்புவிக்கிற குரல்.

றெனால்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அக்காவின் மகனைக் கொண்டுபோன செய்தியைப் பாரிஸில் போனில் கேட்டு அழுதவன் அவன். அவள் இப்படி நின்றதை இன்றைக்குத்தான் கண்டான். நிற்க வைத்தவனும் அவனே.

அதிகாரிக்குத் தமிழ் விளங்கவில்லை. "அம்மா அருமையாக நடிக்கிறார். நான் பாராட்டினேன் என்று சொல்லுங்கள்" என்றார் இங்கிலீசில்.

இது நடிப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். சிப்பாய்கள் எல்லோரும் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் எரிய எரிய அவன் முன்னால் வந்தான்.

"நல்லாச் செய்தீங்களாம், அக்கா."

அப்போதுதான் அன்ரோனெற் தம்பியைக் கண்டாள். அவனைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். படத்தைத் தாழ்த்தவில்லை.

"இனி நாங்கள் உள்ளுக்குப் போகலாமோ, சேர்?" என்று அவனிடம் கேட்டாள்.