இரும்புக்கடைத் தும்மல்

இறந்துபோன இரும்புக்கடை முதலாளியின் தும்மலுக்கு எதிர்க்கடைக்காரர் எண்பதாயிரம் விலை சொன்னார், நாற்காலியையும் சேர்த்து. தும்மலைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை என்பதால்தான் நாற்காலி.

முதலாளி உயிரோடு இருந்தவரை, பொய் காதில் விழுந்தால் தும்முவார். வந்தவர் மனம் நோகக் கூடாதென்று துருத்தூசியின் மேல் பழியைப் போடுவார். அதுவும் பொய்தான் என்பதால் இன்னொரு தும்மல் வரும். அவர் போய் ஆறு வாரம் கழித்து, ஒரு கட்டட மேஸ்திரி, கதவுக் கீல் அடுத்த தெருவில் பாதி விலை என்றபோது காலி நாற்காலி தும்மியது. முதலாளியின் அண்ணன் மகன் ஓடிப்போய் அதன் நான்கு மூட்டுக்கும் எண்ணெய் விட்டான். சத்தம் போடுவது எதுவானாலும் எண்ணெய் விடுவது அந்தக் குடும்பத்தின் புத்தி. மேஸ்திரி மறுபடியும் பாதி விலை என்றார். நாற்காலி எண்ணெய் வழிய மறுபடியும் தும்மியது. முதலாளியின் மகள் பழக்கதோஷத்தில், முதல் தும்மலுக்கும் சேர்த்து இரண்டு தரம் "நூறாயுசு" என்றாள். எழுபத்திரண்டில் முடிந்துபோனவருக்கு நூறாயுசா என்று ஒருவரும் கேட்கவில்லை. மேஸ்திரி, கடையில் சொன்ன விலையையே கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மாதத்தில் தெருவுக்கே பழகிவிட்டது. பெண்ணைப் பெற்றவர்கள் ஆணி வாங்கும் சாக்கில் மாப்பிள்ளையை அழைத்து வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திச் சம்பளத்தைக் கேட்டார்கள்.

அண்ணன் மகன் நாலு வயதில் தகப்பனை இழந்து சித்தப்பாவின் கடையிலேயே வளர்ந்தவன். ஓரிடத்தில் நில்லாமல் சுற்றுவான் என்று 'திருகாணி' எனப் பெயர் வைத்தவரும் சித்தப்பாதான். அவனைவிட மூன்று வயது மூத்த மகளும் அதே இழுப்பறிகளுக்கு நடுவில்தான் வளர்ந்தாள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளிருக்கும் சரக்கில் ஒன்றை அப்பா அடித்து வைத்திருப்பார், எழுத்துத் தெரியாதவரும் எடுத்துக்கொள்ள. அவர் கண்ணை மூடியதும் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு காதைக் கடித்தார்கள். அவள் முழுங்கிவிடுவாள் என்று இவனிடம். இவன் பிடுங்கிக்கொள்வான் என்று அவளிடம். கடைக்கு நடுவே சுவர் எழுப்புவதென்று ஆகி, வாசலில் செங்கல் வந்து இறங்கியது. தராசு முதல் ஏணி வரை பங்கு பிரித்தாயிற்று. நாற்காலி மட்டும் யாருக்கென்று முடிவாகாமல் நின்றது. மகளுக்கு அந்தச் சுவரில் விருப்பமில்லை. சொல்லத்தான் ரோஷம் விடவில்லை.

"நீயே வச்சுக்கக்கா. எனக்கு அது மேல ஆசையெல்லாம் இல்ல" என்றான் திருகாணி.

நாற்காலி தும்மியது. இருவரும் "நூறாயுசு" என்றார்கள்.

"எனக்கும் வேணாம்டா. வீட்டுல இடமில்ல."

தும்மல். நூறாயுசு.

"சுவர் வந்துட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றான் அவன்.

தும்மல். நூறாயுசு, சற்றுச் சன்னமாக.

"அப்பா என்னைவிட உன்னைத்தான் தாங்கினார்னு எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்ல" என்றாள் மகள். அதற்கும் வந்தது, தும்மலும் நூறாயுசும்.

"அவர் உனக்குத்தான் அப்பா, எனக்குச் சித்தப்பாதானேன்னு நான் நினைச்சதே இல்லக்கா."

இதற்கு வந்த தும்மலில் இழுப்பறிகள் எல்லாம் குலுங்கி, முகப்பிலிருந்த தாழ்ப்பாள் ஒன்று தானாகத் திறந்துகொண்டது. இம்முறை மட்டும் இருவருமே நூறாயுசு சொல்ல மறந்தார்கள்.

மகள், "சுவருக்கு அந்தப் பக்கம் போகாதேடா. நீ இல்லாத கடை எனக்கு எதுக்கு?" என்றாள்.

இருவரும் நாற்காலியைப் பார்த்தபடி இருந்தார்கள். குடிக்காமல் வைத்திருந்த டீயில் ஆடை படிந்தது. நாற்காலி மூச்சுவிடவில்லை.

செங்கலை மறுநாளே அந்த மேஸ்திரியிடம் தள்ளிவிட்டார்கள், லாபத்துக்குத்தான். எதிர்க்கடைக்காரர் ஒரு லட்சம் வரை ஏறிப் பார்த்தார். இதுதான் என் கடைசி விலை என்று அவர் சொன்னபோது நாற்காலி தும்மியது, அவரே நூறாயுசு சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

வருடக் கடைசியில் சரக்கிருப்பு எழுதும்போது, கீல், கொண்டி, தாழ்ப்பாளுக்குக் கீழே மகள் எழுதினாள்: நாற்காலி ஒன்று, விற்பனைக்கு அல்ல. தும்மல் நானூற்றுப் பன்னிரண்டு. நூறாயுசு நானூற்றுப் பதினொன்று. ஒன்று பாக்கி.

அதையும் சொல்லித் தீர்த்துவிடலாமா என்று அவள் கேட்டதற்குத் திருகாணி வேண்டாமென்றான். பாக்கி இருக்கிற இடத்துக்குத்தான் ஆள் வந்துபோகும்.