ஏழாவது வெட்டு

வலைக்காரிக்கும் தசமத்துக்கும் ஒன்பது வருஷமாக ஒரே மேஜை. ரேடாருக்கான ஆன்டெனாவை உலோகத்தில் வெட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிற வேலை. அளவுகளைத் தீர்மானிப்பது அவன். அந்த உருவத்தைப் பொடிப்பொடி முக்கோணங்களாக வலை பின்னிக் கணக்குக்கு விடுவது அவள்; அதனால் வலைக்காரி. சாப்பாட்டு டப்பாவின் எடையைக்கூட மூன்று தசமத்துக்குச் சொல்லக்கூடியவன் என்பதால் அவனுக்குத் தசமம் என்று பெயர். தினமும் ஒரு தடவையாவது இருவரும் முட்டிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். மூளையில் ரத்த அடைப்பு. உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போயின.

அவன் பாதியில் விட்ட வேலை அவள் தலையில் விழுந்தது. ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலத்தில் ஒரு அலுமினியக் குழாய். அதன் முகத்தில் நடுக்கோட்டுக்கு இடமும் வலமுமாகப் பதினாறு வெட்டுகள். உள்ளே ஓடும் அலை அவற்றின் வழியே வெளியேறும். கோட்டிலிருந்து வெட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு அதிகமாக வெளியேறும். பதினைந்து வெட்டுகள் சூத்திரப்படி கச்சிதமாக இருந்தன. ஏழாவது மட்டும் அரை மில்லிமீட்டர் கோட்டை நோக்கி நகர்ந்திருந்தது. ஏன் என்று அவன் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். அவன் எண்ணைப் போட்டால், வெளியேறும் கதிரைக் காட்டும் கோட்டின் பக்கவாட்டில் வேண்டாத ஒரு புடைப்பு முளைத்தது. சூத்திர எண்ணைப் போட்டால் மறைந்தது. ஆனால் தசமம் அரை மில்லிமீட்டர் கோட்டைவிடுகிற ஆளா?

"நாளைக்குக் காலைல மெஷின்ல ஏத்தணும். விட்டா மூணு வாரத்துக்கு மெஷின் கெடைக்காது" என்றார் மேனேஜர்.

"எந்த நம்பர் சார் போடறது?"

"என்னைக் கேட்டா? கையெழுத்து நீங்கதானே போடப்போறீங்க."

மத்தியானமே தசமத்தின் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"வாங்கக்கா. நாம சொல்றது புரியுதாம், டாக்டர் சொன்னாரு. வாயிலதான் ஒரே ஒரு வார்த்தை வருது."

ஜன்னலோர நாற்காலியில் இருந்தான். வரைபடத்தை அவன் மடியில் விரித்தாள்.

"ஏழாவது வெட்டை வேணும்னேதான் நகத்தினியா?"

"இல்ல."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. "அப்போ தப்பா விழுந்த நம்பரா?"

"இல்ல!"

"சூத்திரத்தையே போட்டுடட்டுமா?"

"இல்ல. இல்ல. இல்ல."

மனைவி அவள் காதோரம் குனிந்தாள். "தண்ணி வேணுமான்னு கேட்டாலும் அதான்க்கா. குடுத்தா குடிச்சிடுவாரு."

இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தார்கள். படத்தின் குறுக்கே ஒரு கோணல் கோடு இழுத்தான். தாள் கிழிந்தது, பென்சில் முனை ஒடிந்தது. முகம் ரத்தமாகச் சிவந்து கண் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நான் பாத்துக்கறேன். நீ அலட்டிக்காத" என்று தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆபீசுக்குத் திரும்பியதும் சூத்திர எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டாள். நம்பிப் பிடித்துக்கொள்ளத் திரையில் தெரிந்ததை விட்டால் வேறெதுவும் இல்லை.

பத்து நாள் கழித்துச் சோதனை அறையில் ஆன்டெனாவைப் பொருத்தி அளந்தார்கள். திரையில் மறைந்திருந்த புடைப்பு இங்கே நிமிர்ந்து நின்றது. மேனேஜர் உச்சுக்கொட்டிவிட்டு வெளியே போனார். குழாயைக் கழற்ற வந்த ஃபிட்டர், அதைத் தாங்கிப் பிடித்திருந்த இரும்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே சொன்னார்:

"இந்தப் பட்டை ஏழாவதை ஒட்டி வருதுன்னு, உடம்பு முடியாம இருக்காரே அந்த சார், அப்பவே அளந்துட்டுப் போனாரே. இரும்பு கிட்ட இருந்தா அலை மாறுமாம். அதுக்கேத்த மாதிரி வெட்டைத் தள்ளிக்கறேன்னாரு."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"நீங்க கேக்கலையேம்மா. தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன்."

பேச்சு போனவனிடம் போய்க் கேட்டிருக்கிறாள். பேசத் தெரிந்தவர் ஒரு மாடி கீழேதான் இருந்தார்.

அன்று சாயங்காலமே பட்டையையும் கணினி மாதிரியில் சேர்த்து, அவன் எண்ணைப் போட்டு ஓட்டினாள். புடைப்பே இல்லாமல் கோடு துடைத்துவிட்ட மாதிரி வந்தது. எதிர் நாற்காலி காலி.

தாமத அறிக்கையில் மேனேஜர், 'முந்தைய பொறியாளரின் குறிப்புகள் முழுமையாக இல்லை' என்று எழுதினார்.

"தப்பு என்னோடது சார். அப்படியே எழுதுங்க."

"அவருக்கு இனிமே என்ன ஆயிடப்போகுது? நீங்க இங்க வேலை பாக்கணும்ல. அனுப்பியாச்சு, விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனாள். இடது கையால் கரண்டி பிடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீ போட்ட நம்பர்தான் சரி. நான்தான் மாத்திக் கெடுத்தேன்."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஆபீஸ் பேச்செடுத்தாலே இப்படித்தான்க்கா. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள் மனைவி.

கரண்டி அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. வலைக்காரி அதை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து, நீட்டியபடி நின்றாள். அவன் திரும்பவில்லை.