மூன்று செருமல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவை மட்டும் ஒரு சாண் திறந்து வையுங்கள். குளிர் வந்தால் வரட்டும், போர்த்திக்கொள்ளலாம். ஏன் திறக்கச் சொல்கிறேன் என்பது கதை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். இன்றைக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். ஒரு லாரிக்கு என்ன எண்ணெய் ஊற்றுவது என்கிற கதை. சிரிக்காதீர்கள். அந்த எண்ணெய்க்குள் ஒரு மனுஷன் இருந்தார்.

அந்த வீட்டில் விடிகிற நேரத்தில் தேநீர் கொதி வந்ததும் அண்ணி அடுப்பை அணைத்துவிடுவாள். சொட்டுகிற குழாயை இறுக்கி மூடுவாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போய் நிற்பாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகை, அதற்குள் லாரி. கொழுந்தன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவான். 'ஹ்ர்ர்ம்' என்று ஒரு சத்தம் வரும், அடித்தொண்டையிலிருந்து கனத்துக்கொண்டு எழுகிற மாதிரி. சற்று நிற்கும். மறுபடி 'ஹ்ர்ர்ம்'. மூன்றாவது கொஞ்சம் நீளமாக இழுக்கும். அதற்குப் பிறகுதான் இன்ஜின் பிடித்துக்கொண்டு உடம்பை உலுக்கி எழுந்து ஓடும். அவள் அதுவரை அடக்கிவைத்த மூச்சை விட்டு, அடுப்பைத் திரும்பப் பற்றவைப்பாள்.

அண்ணி என்று கூப்பிட உரிமையுள்ளவன் அந்தக் கொழுந்தன் ஒருத்தன்தான். ஆனால் அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அவளை அண்ணியாக்கிவிட்டது. அவள் அப்பா வயதுள்ள மனிதர்களும் கூச்சமில்லாமல் அண்ணி என்பார்கள். அவளுடைய வீட்டுக்காரரைப் பெரியவர் என்பார்கள், தம்பியைச் சின்னவன் என்பார்கள். பெரியவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. காலையில் கண் விழித்தால் மூன்று முறை தொண்டையைச் செருமுவார். அவள் தேநீரோடு வரவேண்டும். ராத்திரி வாசலில் வந்து நின்று மூன்று முறை செருமுவார். அவள் கதவைத் திறக்கவேண்டும். "உங்களுக்கு வாய்ன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? சாப்பிட மட்டுமா?" என்று அவள் கேட்டால் அதற்கும் ஒரு செருமல்தான் பதில்.

போன குளிர்காலத்தில் அந்தக் கொட்டகையில்தான் அவர் போனார்.

லாரி மாவு மூட்டை ஏற்றுகிற லாரி. ஊர் எழுந்திரிக்கும் முன்னால் ரொட்டி சுடுகிறவர்களுக்கு மாவு போய்ச் சேரவேண்டும். குளிர் இறங்கிவிட்டால் இன்ஜின் எழாது. பெரியவர் ஊற்றுவது கெட்டி எண்ணெய். தண்ணி மாதிரி எண்ணெய் ஊற்றினால் மூட்டையோடு மேடு ஏறும்போது இன்ஜின் தேய்ந்து செத்துப்போகும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். அந்தக் கெட்டி எண்ணெய் ராத்திரிக் குளிரில் பாகு மாதிரி உறைந்து உட்கார்ந்துகொள்ளும். இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் அதை இழுக்க முடியாமல் முனகும். அதனால் அவர் ஒரு பழைய இரும்புச் சட்டியில் கரி கனலவைத்து, எண்ணெய் தங்குகிற அடித்தொட்டிக்குக் கீழே தள்ளிவிட்டு, சூடு வெளியே போகாமல் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொள்வார். அது பற்றிக்கொண்டு எரிகிற நெருப்பில்லை, புகை கண்ணில் படாது, மூக்கிலும் ஏறாது. அந்த இதத்தில் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கரியிலிருந்து வருகிற கண்ணுக்குத் தெரியாத விஷம் என்று மருத்துவர் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்கள், தூக்கத்திலேயே போன பாக்கியவான் என்றார்கள். அண்ணி இரண்டையும் கேட்டுக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து சின்னவன் முதல் தடவை லாரியை எடுத்த காலையில், சமையலறையில் நின்றிருந்தவள் காதில் அந்த மூன்று செருமலும் விழுந்தன. இத்தனை வருஷம் அந்தச் சத்தம் இருந்திருக்கிறது. அவர் இருந்தவரை அது வெறும் லாரிச் சத்தம். கையில் தேநீரை எடுத்துக்கொண்டு முற்றத்தில் பாதி தூரம் போன பிறகுதான் தான் எங்கே போகிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

அன்றிலிருந்துதான் குழாயை மூடுகிற வழக்கம்.

இந்த வருஷக் குளிர் முன்னதாகவே வந்தது. லாரி முனகுகிற நேரம் நீண்டுகொண்டே போனது. சின்னவன் ஒருநாள் மெக்கானிக்கை அழைத்து வந்தான். கிரீஸ் என்றுதான் அவருக்குப் பெயர், பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். பாட்டரியைப் பார்த்தார், ஹீட்டர் பிளக்கைப் பார்த்தார், எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவி விரலில் தடவிப் பார்த்தார். மறுநாள் காலையில் சமையலறை ஜன்னல் திண்டில் ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த இரண்டு சின்னக் கண்ணாடிப் புட்டிகளைக் காட்டினார், ஒன்றில் புது எண்ணெய், ஒன்றில் பெரியவர் ஊற்றுகிற எண்ணெய்.

"சாய்ச்சுப் பாருங்க அண்ணி. ரெண்டையும்."

அவள் ஒன்றைச் சாய்த்தாள். எண்ணெய் விளிம்புவரை வழுக்கி ஓடி வந்தது. இன்னொன்றைச் சாய்த்தாள். அது அசையவில்லை. அடியில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

"இது யாரு மாதிரி இருக்கு சொல்லுங்க? வீட்ல விருந்தாளி வந்தாலும் எந்திரிக்காத மனுஷன் மாதிரி இல்ல?" என்று கிரீஸ் சிரித்தார். சிரித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவாயில்லண்ணே. அவரு அப்படித்தான்."

"டப்பா மேல ரெண்டு நம்பர் இருக்கும். முன்னாடி நிக்கிறது குளிருக்கு. அது சின்னதா இருந்தா காலையில சுலபமா ஓடும். பின்னாடி நிக்கிறது சூட்டுக்கு. நீங்க ஊத்துறது இருபது–அம்பது. நான் சொல்றது அஞ்சு–நாப்பது, டீசல் இன்ஜினுக்குன்னே வர்றது. சூடானதுக்கப்புறம் வேணுங்கிற கெட்டி அதுலயும் நிக்கும், மேடு ஏறும். பழைய இன்ஜின், ஒரு சொட்டு கசியலாம். கசிஞ்சா நான் எங்க ஓடிப்போறேன்?"

"அப்போ அந்த முனகல்?"

"முனகலா? சாவியைத் தொட்டதும் பிடிச்சுக்கும். முனகவே முனகாது."

அண்ணி புட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பழைய எண்ணெயே இருக்கட்டும். அவரு பார்த்துப் பார்த்து ஊத்துனது."

கிரீஸ் சின்னவனைப் பார்த்தார். சின்னவன் தரையைப் பார்த்தான். அண்ணன் சொன்னதை மாற்ற அண்ணிக்கு மனசில்லை, நாம் ஏன் அவள் மனசைப் புண்படுத்தவேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டான். அண்ணன் எண்ணெயை மாற்ற அவனுக்கே மனசில்லை, இல்லாவிட்டால் வாய் திறந்திருப்பானே என்று அவள் தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்கள் ஒருத்தருக்காக ஒருத்தர் விட்டுக்கொடுத்து எப்படிப் படுகுழிக்குப் போவார்கள் என்று பார்த்தீர்களா?

சில நாள் கழித்து, அவன் தேநீர்க் குவளையை வாங்கும்போது நகக்கண்ணில் கரி இருந்தது. அவள் பார்த்தாள். அது எண்ணெய்க் கறுப்பு இல்லை, கரிக் கறுப்பு. பரணில் தூக்கிப்போட்ட இரும்புச் சட்டி அங்கே இல்லை என்பதும் தெரியும். கேட்டிருக்கலாம். கேட்டால் எண்ணெயை மாற்றவேண்டி வரும். கதவைத் திறந்து வைத்திருப்பான், விவரமான பிள்ளை, என்று நினைத்துக்கொண்டு குவளையைக் கழுவினாள். எவ்வளவு கழுவியும் அதன் காதில் ஒரு கறுப்பு விரல் தடம் போகாமல் இருந்தது.

பிறகு அந்தக் காலை வந்தது. முற்றத்து வாளித் தண்ணீரின் மேல் பனிக்கட்டி ஏடு கட்டியிருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள், குழாயை மூடினாள், ஜன்னலில் நின்றாள். சத்தம் வரவில்லை. இன்னும் எண்ணெய் இளகவில்லை போல என்று நின்றாள். தேநீர் மேல் ஆடை கட்டியது. அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு நேரமாகிறது, நேரமானால் செருமல் நீளமாக வரும், நல்லதுதான் என்று அவள் மனசின் ஒரு மூலை நினைத்தது. அந்த நினைப்பைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

அப்போது செருமல் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. இன்ஜின் பிடிக்கவில்லை. அந்தச் சத்தத்தில் இரும்பு இல்லை என்பது அவளுக்கு உடம்பில் முதலில் தெரிந்தது, புத்தியில் பிறகுதான் தெரிந்தது. அது வாசலில் நின்று, கதவைத் திற என்று கூப்பிடுகிற செருமல்.

செருப்பில்லாமல் ஓடினாள். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உள்ளேயிருந்து இதமான சூடு முகத்தில் வந்து மோதியது. சின்னவன் முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், அதே சக்கரம், அதே சாய்வு. கன்னம் நன்றாகத் தூங்குகிற குழந்தைக்கு இருப்பதுபோலச் சிவந்திருந்தது. சாவி அவன் மடியில் கிடந்தது. அவன் அக்குளில் கையைக் கொடுத்து, பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே, பனித்தரையில் தரதரவென்று இழுத்து வந்து போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவன் ஒரு தடவை மூச்சை இழுத்தான், புரண்டு வாந்தி எடுத்தான், பிறகு சின்னப் பையன்போல அழுதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தவனிடம் அன்று மத்தியானம் அவள் கேட்டாள்.

"கதவை எதுக்குடா சாத்தின?"

"நான் சாத்தலையே அண்ணி."

"பொய் சொல்லாத தம்பி. நான் திட்ட மாட்டேன்."

"சத்தியமா சாத்தல. செங்கல்லை முட்டுக்கொடுத்துத்தான் வெச்சிருந்தேன். தினமும் அப்படித்தான் வெப்பேன். எனக்குத் தெரியாதா?" அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அண்ணன் சாத்துற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. கனவுன்னு நினைச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் கொட்டகைக்குப் போனாள். செங்கல் வாசலில் இல்லை. உள்ளே, சுவரோரம், நெட்டுக்குத்தாக நின்றது. பெரியவர் கதவைச் சாத்தும் முன்னால் செங்கல்லை எடுத்து அங்கேதான் வைப்பார், யாரும் தடுக்கி விழக்கூடாது என்று. மயக்கத்தில் சின்னவனே எடுத்து வைத்திருக்கலாம். கைப்பழக்கம் ஒரே வீட்டுக்காரர்களுக்கு ஒட்டிக்கொள்வதுதான். அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாத்தியவரும் அவர்தானா, செருமி எழுப்பியவரும் அவர்தானா? சூடு போய்விடக்கூடாதே என்கிற பழைய அக்கறையில் ஒரு கை சாத்தியிருக்குமோ? ஐயோ பிள்ளை உள்ளே இருக்கிறானே என்று தொண்டை பதறியிருக்குமோ? செத்தவர்களுக்கு நாம் எதைக் கொடுத்து இருத்தி வைக்கிறோமோ, அதையேதான் அவர்கள் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள்போல.

அன்று சாயங்காலமே கிரீஸுக்கு ஆள் அனுப்பினாள்.

"அந்த அஞ்சு–நாப்பதை ஊத்துங்கண்ணே."

அவரிடமிருந்து கேலி கிண்டல் எதுவும் வரவில்லை. லாரியை ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிக் கொண்டுவந்து, அடித்தொட்டியின் திருகைக் கழற்றினார். பழைய எண்ணெய் கறுப்பாகத் தடித்து, ஒரே கயிறாக இறங்கியது. அண்ணி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை பார்த்தாள். ஒரு கண்ணாடிப் புட்டியில் மட்டும் கொஞ்சம் பிடித்து மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "அந்தக் கதவையும் கழட்டிடுங்க. ரெண்டு பக்கமும்." கீல் துருவேறி முரண்டு பிடித்தது. கிரீஸ் வியர்த்துப்போய், "இதுக்கும் எண்ணெய் விட்டிருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்.

சின்னவன் தேறி வந்து முதல் தடவை லாரி எடுக்கிற காலை. அண்ணி அடுப்பை அணைக்கவில்லை. குழாய் பாட்டுக்குச் சொட்டட்டும் என்று விட்டாள். ஆனாலும் கால் ஜன்னலுக்குப் போய்விட்டது. அவன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டது. தும்மல் போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"கேட்டீங்களா அண்ணி?" என்று அவன் ஜன்னலைப் பார்த்துக் கத்தினான்.

"கேட்டேன் கேட்டேன். பார்த்துப் போயிட்டு வா."

லாரி தெருமுனை திரும்புகிறவரை சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. முற்றத்துக்கு அப்பால் கதவில்லாத கொட்டகை வாய் பிளந்துகொண்டு நின்றது. அவள் தேநீரை ஒரே ஒரு குவளையில் ஊற்றினாள்.

அப்போதுதான் அந்தக் காலி இடத்திலிருந்து வந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது கொஞ்சம் நீளமாக.

அவள் ஓடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிறவரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்: "அவன் கிளம்பிட்டான். கதவெல்லாம் ஒண்ணும் சாத்த வேண்டாம். நீங்க படுங்க."

ஜன்னல் திண்டில், அவள் பழைய எண்ணெய் பிடித்து வைத்த அந்தச் சின்னப் புட்டி பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. ராத்திரிப் பனியில் எண்ணெய் கல்லாக அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் இன்னும் வரவில்லை, திண்டு தொட்டால் சுடுகிற மாதிரிக் குளிர்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பு மெதுவாக இளகி, கண்ணாடியோடு ஒட்டி ஊர்ந்து, புட்டியின் வாய்ப்பக்கமாக வரத் தொடங்கியது.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டு வண்டிகள் முதல் திருகலிலேயே எழட்டும். வெளியே போனவர்கள் வாசலுக்குத் திரும்பி வரட்டும், கூப்பிட வாய் திறந்து பெயர் சொல்லட்டும். உங்கள் வீட்டில் தூங்குகிறவர்கள் எல்லோரும் விடிந்தால் எழுந்திருக்கட்டும். போகும்போது கதவைச் சாத்த வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.