கதவோரத்துக் குதிரைமசால்

பனிக்காலத்திலும் மாடுகளுக்குப் பசுந்தீவனம் தரப்போகிறவர் என்று ஆய்வு நிலையத்தில் அவருக்கு ஒரு பட்டம். கொடுத்தவரும் அவரேதான். உறைபனியில் கருகாத குதிரைமசால் தீவனப்பயிரை உருவாக்குவதாகச் சொல்லிப் பல வருடம் ஓட்டியாயிற்று. இந்த முறை, செடிகளைப் பனியில் வைத்துச் சோதிக்கும் குளிரறையிலிருந்து வந்த தட்டுகளில் ஒரு வரிசை முழுக்கப் பச்சை. மதியம் தேர்வுக் குழு வருகிறது. அவர்கள் தலையாட்டிவிட்டால் இந்தச் செடிகளின் விதைதான் வயல்களுக்குப் போகும்.

அவர் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அதே நிலையத்தில் வேர்களை ஆராயும் அவர் மனைவி தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இந்த வரிசை உள்ள எங்க இருந்துச்சு?"

"கதவோரம். பாக்க வர்றவங்க கண்ணுல படணுமில்ல."

"யார் யார் வந்தாங்க?"

"பால்பண்ணைக்காரங்க, ஒரு நிருபர், அப்புறம் உங்கப்பா."

"எங்கப்பாவுக்கும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் விளக்குனீங்களா?"

"அரைகுறையா விளக்க எனக்கு வராது."

"அதான். மத்ததெல்லாம் பனியில கருகியிருக்கு. இதுங்க மட்டும் உங்க பேச்சுல குளிர் காஞ்சிருக்கு."

பொறாமை என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு தட்டைப் பார்த்தார். பச்சையாக நின்ற செடிகளோடு அதே விதையில் கூடப்பிறந்தவை நடுவரிசையில் கூழாகிக் கிடந்தன.

"இன்னிக்கு ஒருநாள் சொல்லாம விட்டா?"

"குழுவுக்கு நீங்க விளக்கிடுவீங்க. பனிக்கு யாரு விளக்குறது?"

மதியம் குழுவிடம், சோதனையில் பிழை, திரும்பச் செய்யவேண்டும் என்றார். அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்கள்.

கணவனும் மனைவியும் புது நாற்றுகளை, எது கதவோரம் வருமென்று தெரியாதபடி, கலைத்துக் கலைத்து அடுக்கினார்கள். குளிரறைச் சாவி மனைவியின் பையில் இருந்தது. வருகிறவர்களுக்கு மூடிய கதவைக் காட்டியே விளக்கினார்; யாரும் நெடுநேரம் நிற்கவில்லை. வெளியே எடுத்துவைத்துத் துளிர்க்கிறதா என்று பொறுத்துப் பார்த்தபோது, தட்டுகள் முழுக்க வதக்கிப்போட்ட கீரை. நடுவில் நோஞ்சான் செடி ஒன்று மட்டும் இலை விட்டிருந்தது.

அவர் குனிந்து அதையே பார்த்தார்.

"இது மேல எனக்கு ஆரம்பத்துலயிருந்தே ஒரு கண்ணு."

"அப்படியா? கலைக்கிறதுக்கு முன்னாடி எந்தத் தட்டுல இருந்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

அவர் செடிக்கு அடையாளம் எழுதப் பென்சிலைத் தேட ஆரம்பித்தார்.