ஒரு வார்த்தை கூடுதல்

தொங்கவிட்ட கொக்கியில் பதாகையின் கயிறு மாட்டியதும், யாரோ வாலைப் பிடித்து இழுத்ததுபோல் விமானம் குலுங்கியது. வழக்கம்போல் அவள் விமானத்தின் மூக்கைத் தூக்கினாள். புல்தரையில் விரித்திருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஆனால் வேகமுள் மட்டும் சரசரவென்று இறங்கியது. எச்சரிக்கை ஒலி வீறிட்டது. இன்னும் கொஞ்சம் வேகம் குறைந்தால் இறக்கை தாங்காது. கீழே மர உச்சிகள். இந்த உயரத்தில் விழுந்தால் நிமிர்ந்துகொள்ள இடமே கிடையாது.

கை கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுக்கத்தான் துடித்தது. இழுத்தால் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கைத் தாழ்த்தினாள். கயிற்றைக் கழற்றிவிடும் பிடியை இழுத்தாள். பதாகை வேலியோரம் விழுந்தது. விமானம் பிழைத்தது.

இறங்கி வந்தவளை நாத்தனார் கொட்டகை வாசலிலேயே மடக்கினாள். வாழ்த்துப் பதாகைகளைப் பறக்கவிடும் கம்பெனி அவளுடையது.

“பறக்கவிடச் சொன்னா வேலியில காயப்போட்டுட்டு வர்றியே, நல்லா இருக்கா?”

“பேசினதுக்கு மேல ஒரு வார்த்தை எப்படி அண்ணி வந்துச்சு?”

“கடைசி நேரத்துல ஆர்டர் குடுத்த பையன் ‘மனமார்ந்த’ன்னு சேர்க்கச் சொன்னான். தம்பி பெட்ரோல் போடப் போயிருந்தான், நானே கோத்துட்டேன். அவனோட அப்பா அம்மா கல்யாண நாளாச்சே! ஒரு வார்த்தை அவ்வளவு கனமா?”

“தரையில கனமில்ல. காத்துல அது பின்னாடி இழுக்கும். அதோட நான் ஏற மாட்டேன்.”

“முன்னாடி இருந்த பைலட் ஏறினாரே?”

“அவர் கால்ல இன்னும் கட்டு பிரிக்கல, அண்ணி.”

“பயமா இருந்தா சொல்லு, வேற ஆளைக் கூப்பிடறேன்.”

“பயம்தான். பயமில்லாதவங்க கிடைச்சா கூப்பிடுங்க. ஆம்புலன்ஸையும் சேர்த்துக் கூப்பிடுங்க.”

தன் அக்கா முன்னால் தும்மக்கூட யோசிக்கும், விமானம் ஓட்டியவளின் கணவன், பதாகையை இழுத்துவந்து புல்லில் போட்டான். மண்டியிட்டு எழுத்துகளின் கொக்கிகளை விடுவிக்க ஆரம்பித்தான்.

“டேய், என்னடா பண்றே?”

“‘மனமார்ந்த’ங்கிறதை எடுக்கறேன்க்கா. அது இல்லாமலும் வாழ்த்து நிக்கும். வேகம் இல்லாம என் பொண்டாட்டி காத்துல நிக்க முடியாது.”

இரண்டாம் முறை விமானம் அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. ‘அப்பா அம்மாவுக்கு வாழ்த்துகள்’ பின்னால் சீராக விரிந்தது. ரேடியோவில் நாத்தனார் சிடுசிடுத்தாள்.

“அந்தப் பையன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

“எடுக்கச் சொன்னது நான்தான்னு சொல்லுங்க. இன்னொரு தடவை வார்த்தை கூட்டினா அதையும் எடுப்பேன்னு சேர்த்துச் சொல்லுங்க.”

ரேடியோவில், அக்கா பக்கத்தில் நின்ற கணவன் அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது.