துளி இல்லாத மழை

விலையே இல்லை என்று மனைவி மீனாக்ஷி சொன்ன 'மழை' ஓவியத்துக்குப் பிச்சுமணி பதினைந்து டாலர் என்று சீட்டு ஒட்டினான். 1987 பொங்கல் விழா, கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஹால். கோயில் நிதிக்காகக் கைவேலைகள் விற்கும் மேஜைக்கு அவன்தான் பொறுப்பு.

படம் விற்கக்கூடாது என்பது அவன் பிரார்த்தனை. மனைவி ஓவிய வகுப்புக்குப் போகும் மாலைகளில் சமையல் அவன் தலையில் விழுந்தது. முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் அவள் அடுத்த டெர்மும் போகலாம், இல்லையென்றால் வகுப்புக்கு முழுக்கு. வீட்டில் அப்படித்தான் பேச்சு முடிந்திருந்தது.

புதுவீட்டுச் சுவருக்குப் படம் தேடி சான் ரமோனிலிருந்து ஓர் ஆன்ட்டி வந்தார்.

"என்ன தம்பி, 'மழை'ன்னு டைட்டில் போட்ருக்கு, ஒரு துளியக் காணோம்?"

"இல்லதான் ஆன்ட்டி."

"பார்க்கிங் லாட் பூரா திட்டுத் திட்டா... பெயிண்ட் கொட்டிடுச்சா?"

"அப்படித்தான் தெரியுது."

ஆன்ட்டி நடையைக் கட்டினார்.

பிச்சுமணியின் அப்பாவுக்கு மதுரையில் ஜவுளிக்கடை. வந்தவர் வெறுங்கையோடு படியிறங்கினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. பிள்ளை இங்கே சிப் டிசைன் செய்கிறவன்தான். ஆனாலும் போகிற முதுகைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம். கட்டியிருக்கறது மயில்கழுத்துப் பட்டுதானே? அதுல மயில்கழுத்துக் கலர் நூல் ஒண்ணு உருவிக் காட்டுங்க பாப்போம்."

"அதெப்படி முடியும்? பச்சையும் நீலமும் சேர்ந்தாத்தானே அந்தக் கலரு!"

"இதுவும் அதே நெசவுதான். இம்ப்ரெஷனிஸ்ட் ஸ்டைல். பாரிஸ்ல பிஸ்ஸாரோன்னு ஒருத்தர், ஜன்னல் வழியா பாத்துப் பாத்தே ஈரத் தெருவா வரைஞ்சு தள்ளினார். மழைய விட்டுட்டு, மழை ரோட்ட என்ன பண்ணிச்சோ அத பெயிண்ட் பண்றது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சிவப்புத் திட்டு பிரேக் லைட். வானம் சாம்பல், அதான் தாரும் சாம்பல்."

மீனாக்ஷி இதையெல்லாம் சொன்னபோது அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். எப்போது காதில் விழுந்ததோ.

ஆன்ட்டி தள்ளி நின்றார். பிறகு, ஹால் கார்ப்பெட்டில் நின்றபடியே, சேலைக் கொசுவத்தை ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டார்.

பிச்சுமணியும் திரும்பிப் பார்த்தான். தார் நனைந்திருந்தது. இத்தனை நாள் அவன் வீட்டு கராஜில் காய்ந்து கிடந்த படம்.

"துளி இல்லையே, பத்துக்குக் குடேன்."

"துளி போட்டா இருபது ஆகும் ஆன்ட்டி."

அனந்தலக்ஷ்மி என்று கையெழுத்துப் போட்டு முழுத் தொகைக்கும் செக் கொடுத்தார். அதோடாவது அவன் நிறுத்தியிருக்கலாம்.

"ஒத்தையா மாட்டுனா சுவர் எடுக்காது. ஜோடியா எடுத்துக்குங்க."

பொங்கல் வாளியோடு வந்த மீனாக்ஷி காலி இடத்தைப் பார்த்தாள்.

"யாருங்க வித்தது?"

"நான்தான்."

அவள் சிரிக்கவில்லை. வாளியை வைத்துவிட்டு விற்பனை நோட்டைப் புரட்டினாள். அவன் கையெழுத்திலேயே இருந்தது: மழை ஒன்று, பைசல். கோல்டன் கேட் மூடுபனி ஒன்று, வரையப் பாக்கி, ஜூனுக்குள்.