மூக்கு பட்டியலில் இல்லை

காலையில் வாங்கிப்போன டோஃபுவை ஒருத்தி திருப்பிக் கொண்டுவந்து பலகையில் வைத்துவிட்டுப் போனாள். டோஃபு கடைக்காரி மெய்ஷன் என்னைப் பார்த்தாள். "மோந்து பாருங்கண்ணே. சாக்கடை வாடை."

நான் பக்கத்துக் கடை பொத்தான் வியாபாரி. மட்டச் சரக்கை உசத்தி என்று இருபது வருஷம் தள்ளிவிட்டவன். அந்த டோஃபுவை என்னாலும் விற்க முடியாது. ஆற்றின் மேல்பக்கம் சாயப்பட்டறை வந்ததிலிருந்து டோஃபுவுக்கு அவள் சோயா ஊறவைத்து அரைக்கிற கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது. குழாய்த் தண்ணீர் வராவிட்டால் இந்த மாதத்தோடு கடைக்குப் பூட்டு.

ஆனால் எங்கள் தெருவின் வீசாட் அரட்டைக் குழுவில் ஆறு நீலமாக ஓடுகிறது. அரசு அலுவலகம் ட்ரோன் விட்டு எடுத்த படம். ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு நூற்றுமுப்பது பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். நானும்தான். முடிவெட்டும் சோவ் மட்டும் தூக்கவில்லை. அவன் வேறு ஊர்க் காணொளிகளைப் பார்த்து அரசாங்கத்தை வைகிற வீரன். நம்ம ஆறு எந்தப் பக்கம் என்று கேட்டால் அவனும் கைபேசியைத்தான் தடவுவான்.

தெருக் கமிட்டி திங் அக்கா வேர்த்து விறுவிறுத்து மெய்ஷனிடம் வந்தாள். "மாகாணத்துலேர்ந்து கருத்து கேட்டு இப்ப போன் வரும். உன் நம்பரைத்தான் குடுத்திருக்கேன். 'ரொம்பத் திருப்தி'ன்னு சொல்லு. வெறும் திருப்தின்னா நம்ம தெருவுக்கு மார்க் போயிடும்."

"குழாய்?"

"நல்லபடியா சொல்லு, குழாய் லிஸ்ட்ல உன் பேர்தான் மொதல்ல."

பேரத்திலேயே வளர்ந்த எனக்கே வாய் பிளந்தது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் நல்ல தண்ணீர்!

போன் அடித்தது. மெய்ஷன் ஸ்பீக்கரில் போட்டாள். சின்னப் பெண் குரல். "சுற்றுச்சூழல் விஷயமெல்லாம் எது மூலமா தெரிஞ்சுக்கறீங்க? இணையமா, டிவியா, பேப்பரா?"

"மூக்கு."

"அது பட்டியல்ல இல்லைங்களே."

"அப்ப இணையம்னே போட்டுக்கம்மா. ஊரே அதுலதான் மூச்சு விடுது."

"ஆற்றைச் சுத்தம் பண்றதுல அரசாங்கத்தோட வேலை எப்படி?"

திங் அக்கா மெய்ஷன் எதிரே குனிந்து, 'ரொம்பத் திருப்தி' என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அந்த நேரம் பார்த்து ஆற்றுக்காற்று உள்ளே திரும்பியது. அக்காவின் கை தானாகவே கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டது.

மெய்ஷன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, போனுக்கு நன்றாகக் கேட்கும்படி, "அக்கா, வாயைப் பொத்திக்கிட்டா எப்படி? என்ன சொல்லச் சொன்னீங்கன்னு தெரியலையே?" என்றாள்.

"பக்கத்துல யாரும்மா?" என்றது குரல்.

திங் அக்காவுக்கு வாயைத் திறக்கவும் முடியவில்லை, அந்த நாற்றத்தில் கையை எடுக்கவும் முடியவில்லை. கைக்குட்டைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன.